சடக்கிலும் ஓடும், தண்டவாளத்திலும் ஓடும்! ஆனால் பிரேக் எந்தக் காலில்?

ரயில் பாதையை ஒட்டிய தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் இன்னும் காதில் இருக்கும். பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போகும் நேரம். கித்தா மரங்களுக்கு அப்பால் இரும்பின்மேல் சம்மட்டி விழும்: டங்... டங்...

"ரயில்வே கேங்குக்காரங்க வந்துட்டாங்க" என்பார்கள் லயத்தில்.

அந்தக் கேங்கில் இருந்தவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை மலாயாவின் முதல் ரயில் ஓடியது 1885 ஜூன் 1ஆம் தேதி. அதற்குப் பின் இந்த மண்ணில் போடப்பட்ட தண்டவாளங்களில் தமிழன் வியர்வை விழாத மைல் குறைவு. காட்டை வெட்டியவர்களிலும் அவன் இருந்தான். மண் அடித்தவர்களிலும் இருந்தான். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பாதையைப் பழுது பார்த்தவர்களிலும் இருந்தான்.

அவர்களுக்கு இருந்த வாகனம் என்ன? நான்கு இரும்புச் சக்கரம், மேலே ஒரு பலகை. அதுதான் டிரோலி. கடப்பாரை, சம்மட்டி, சோற்றுப் பானை எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். தூரத்தில் ரயில் ஊதினால், "வண்டி வருது, தூக்குங்கடா!" என்று மண்டோர் கத்துவார். நாலு பேர் சேர்ந்து டிரோலியைத் தூக்கிப் பாதைக்கு வெளியே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். ரயில் போனதும் திரும்பத் தூக்கி வைப்பார்கள். தூக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று உலகின் பல நாடுகளில் அந்த டிரோலியின் இடத்தைப் பிடித்திருப்பது ஒரு லோரி. சடக்கில் வரும்போது அது மற்ற லோரிகளைப் போலத்தான் இருக்கும். ரயில் கேட்டுக்கு வந்ததும் நிற்கும். வயிற்றுக்கு அடியிலிருந்து இரும்புக் கால்களை இறக்கும். பிறகு தண்டவாளத்தின் மேலேயே ஓடிப் போய்விடும்!

அந்த லோரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். "நமக்கெதுக்குங்க ரயில் சங்கதி?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவரும், டிரெய்லரில் குலை ஏற்றுகிறவரும், மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது.

இரண்டு ஜோடிக் கால்

இந்த லோரிக்கு ரப்பர் டயர்களும் உண்டு, இரும்புச் சக்கரங்களும் உண்டு. இரும்புச் சக்கரங்கள் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. சடக்கில் ஓடும்போது அவை மேலே மடங்கியிருக்கும். ரயில் சக்கரத்துக்கு இருப்பதுபோலவே இவற்றின் உள்பக்கத்தில் வரம்பு மாதிரி ஒரு விளிம்பு உண்டு. தண்டவாளத்தை விட்டு வண்டி விலகிப் போகாமல் பிடித்துக்கொள்வது அந்த விளிம்புதான்.

தண்டவாளத்தில் ஏறும் விதம் இதுதான். சடக்கும் ரயில் பாதையும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் கேட்டுக்கு டிரைவர் வண்டியைக் கொண்டுவருவார். முன்னும் பின்னும் நகர்த்தி, வண்டியைத் தண்டவாளத்துக்கு நேராக நிறுத்துவார். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜெக் இரும்புச் சக்கரங்களைக் கீழே இறக்கும். விளிம்புகள் சரியாகத் தண்டவாளத்தின் உள்பக்கம் உட்கார்ந்தனவா என்று இறங்கிப் பார்ப்பார்கள். இனி ஸ்டேரிங்குக்கு வேலையில்லை; அதை அசையாமல் பூட்டிவிடலாம். பாதை போகிற வழியில் வண்டி போகும். பழகிய கைக்கு எல்லாம் சில நிமிஷ வேலை.

இறங்குவதும் அப்படியே. இன்னொரு கேட்டில் நின்று இரும்புக் காலை மடக்கினால் மறுபடியும் சடக்கு லோரி. ரயில் வருகிறதென்று நாலு பேர் தூக்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஓட்டுவது எந்தச் சக்கரம்?

இங்கேதான் கவனம் வேண்டும். இரும்புச் சக்கரம் இறங்கிவிட்டால் டயருக்கு என்ன வேலை? வண்டியை எது ஓட்டுகிறது, எது நிறுத்துகிறது? இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அமெரிக்காவில் அதிகம் காணப்படுவது. 'ஹை-ரெயில்' என்று அவற்றை அழைப்பார்கள். முன் இரும்புச் சக்கரங்கள் முன் டயர்களைத் தண்டவாளத்துக்கு மேலே தூக்கிவிடும். பின் டயர்களோ தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அவைதான் வண்டியைத் தள்ளும், பிரேக்கும் பிடிக்கும். இரும்புச் சக்கரத்துக்கு வழி காட்டும் வேலை மட்டுமே.

இரண்டாவது வழியில் நான்கு டயர்களும் தரையை விட்டு எழும்பிவிடும். டயர் போய் இரும்புச் சக்கரத்தின் மேலேயோ, அதன் பக்கத்திலுள்ள உருளையின் மேலேயோ அழுந்தும். டயர் சுற்றினால் அந்த உரசலில் இரும்புச் சக்கரம் சுற்றும். டயர் நின்றால் இரும்புச் சக்கரமும் நிற்கும்.

மூன்றாவது வழியில் இரும்புச் சக்கரத்துக்கே சொந்தமாக மோட்டாரும் பிரேக்கும் இருக்கும். விலை கூடுதல். ஆனால் பத்திரமும் கூடுதல்.

எந்த வழி எங்கே பொருந்தும் என்பது தண்டவாளத்தின் அகலத்தையும் பொறுத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,435 மில்லிமீட்டர், அதாவது 4 அடி 8½ அங்குலம். லோரியின் பின்பக்க இரட்டை டயர்களில் உள்டயர் ஏறத்தாழ அந்த அகலத்தில் வருவதால் தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்ளும். நம் நாட்டுப் பழைய ரயில் பாதையின் அகலமோ 1 மீட்டர்தான். லோரி டயர் தண்டவாளத்துக்கு வெளியே போய் நிற்கும். ஆகவே மீட்டர் பாதைக்கு இரண்டாவது வழியோ மூன்றாவது வழியோதான் ஒத்துவரும்.

முதுகு முறியும் வேலை

இந்த லோரியால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இன்றைய கனரகத் தண்டவாளம் 1 மீட்டர் நீளத்துக்கு 60 கிலோ எடை. 12 மீட்டர் துண்டு என்றால் 720 கிலோ! ஒரு கொங்கிரீட் சிலிப்பர் ஏறத்தாழ 250 முதல் 300 கிலோ. பழைய மரச் சிலிப்பரை இரண்டு பேர் தூக்கினார்கள். கொங்கிரீட் சிலிப்பரைத் தூக்கச் சொன்னால் இடுப்பு போய்விடும்.

லோரியின் மேல் ஒரு சிறிய கிரேன் இருந்தால் ஒரே ஆள் பொத்தானை அழுத்தி அதைத் தூக்கி வைத்துவிடலாம். மண் வாரும் எக்ஸ்கவேட்டருக்கே இரும்புச் சக்கரம் பொருத்தித் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். பழைய சிலிப்பரை உருவுவது, புதியதைச் செருகுவது, சல்லிக் கல்லை அள்ளுவது, வெட்டிய தண்டவாளத்தை ஒட்டவைக்கும் சாமான்களை ஏற்றிப்போவது, மின்சார ரயிலின் மேல்கம்பியைப் பழுது பார்ப்பது, பாதையோரப் புல்லுக்கு மருந்தடிப்பது, சாய்ந்த மரத்தை வெட்டி இழுப்பது எல்லாம் இப்படிப்பட்ட வண்டிகளால் நடக்கின்றன. பாதைக்கென்றே ஒரு எஞ்சினும் வேகனும் அனுப்பத் தேவையில்லை. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கேட்டு வரை சடக்கிலேயே போகலாம்.

நல்ல யந்திரந்தான். முதுகைக் காப்பாற்றுகிற எதையும் உழைப்பாளி வரவேற்பான்.

உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து

இந்த யோசனை புதிதல்ல. இங்கிலாந்தில் கேரியர் கம்பெனி 'ரோ-ரெய்லர்' என்ற பேருந்தைச் செய்தது. 1932இல் ஒரு ரயில் கம்பெனி அதைப் பயணிகளுக்காக ஓட்டிப் பார்த்தது. தண்டவாளத்தில் வந்து, நிலையத்தில் டயருக்கு மாறி, சடக்கு வழியே ஹோட்டல் வாசலுக்கே போய் ஆளை இறக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சில மாதங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. ஆனால் அதே வகையில் செய்த ஒரு லோரி, ஸ்காட்லாந்தின் மலைப் பாதையில் தண்டவாள வேலைக்குப் பயன்பட்டது. பயணிகளுக்கு உதவாதது கேங்குக்காரனுக்கு உதவியது!

ஜெர்மனியின் 'யூனிமோக்' கதை நம்மவர்களுக்கு இன்னும் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, விவசாயிகளுக்காக ஒரு வண்டி வேண்டும் என்று ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் என்ற பொறியாளர் வரைந்த யந்திரம் அது. அதன் சக்கர அகலம் 1,270 மில்லிமீட்டர். ஏன் அந்த அளவு? உருளைக்கிழங்குப் பாத்தி இரண்டு வரிசைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக! பாத்தியில் ஓடப் பிறந்த அந்த வண்டி பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்து, இரும்புச் சக்கரம் பொருத்தித் தண்டவாளத்திலும் ஏறியது. இன்றைய யூனிமோக் ஒன்று சமதளத்தில் 1,000 டன் வரை வேகன்களை இழுக்கும் என்கிறார்கள் அதைச் செய்கிறவர்கள். தோட்டத்து டிராக்டருக்கு ஒரு அண்ணன் ரயில்வேயில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் பார்த்த லோரி

ஆனால் மலாயாத் தோட்டத் தமிழர்கள் இந்த இரட்டைக்கால் லோரியை ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ பார்க்கவில்லை. சயாமில் பார்த்தார்கள்.

ஜப்பானிய ராணுவத்தின் ரயில் படைகளிடம் இப்படிப்பட்ட டீசல் லோரிகள் இருந்தன. ஆறு சக்கரம், சடக்கில் ரப்பர், தண்டவாளத்தில் இரும்பு. வெவ்வேறு நாட்டுத் தண்டவாள அகலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவும் முடியும். சயாம் - பர்மா ரயில் பாதை போட்டபோது தண்டவாளத்தையும் சிலிப்பரையும் பாதையின் நுனி வரை இழுத்துக்கொண்டு வந்தவை இவைதான். அந்த வகை வண்டி ஒன்று காஞ்சனபுரியில், குவாய் ஆற்றுப் பாலத்தின் அருகே நினைவுப் பொருளாக நிறுத்தப்பட்டது.

அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். இரண்டு முனையிலிருந்தும் போட்டு வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17ஆம் தேதி நடுவில் சேர்ந்தன. அதற்கான தண்டவாளங்களில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1931இல் முழுமையடைந்த மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையில் பெரும் பகுதியைப் பிடுங்கி எடுத்துத்தான்! இங்கே பிடுங்கிய இரும்பு அங்கே போனது. இங்கே பிடித்த ஆட்களும் அங்கே போனார்கள்.

மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ரயிலில் சயாமின் பான்போங் வரை கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கு மேல் பலருக்குக் கால் நடைதான், காட்டு வழியில், மழையில், நாள் கணக்காக. ரப்பருக்கும் இரும்புக்கும் மாற லோரிக்கு இரண்டு வகைக் கால் இருந்தது. நம்மவனுக்கு இருந்ததோ புண் பிடித்த இரண்டு கால்.

1943இல் மழை பிடித்ததும் பாதையோர மண் சடக்குகள் சேறாகிப் போயின. உள்காட்டு முகாம்களுக்கு அரிசி போய்ச் சேர்வது பெரும்பாடாயிற்று. காலரா வந்தது. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பேர் வெட்டிய கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பேரும் இல்லை, கல்லும் இல்லை.

லோரியின் மேல் குற்றம் இல்லை. தண்டவாளத்தைச் சுமந்த அதே வண்டி அரிசியையும் மருந்தையும் சுமந்திருக்கும். என்ன ஏற்ற வேண்டும், எது முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்தவன் மனிதன். யந்திரத்துக்கு இரக்கம் கிடையாது. அதை நடத்துகிறவனிடம் இரக்கம் இருந்தால்தான் உண்டு. இரக்கம் இல்லாவிட்டாலும் அவனைக் கட்டுப்படுத்தச் சட்டமாவது இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய லோரிக்குத் திரும்புவோம்.

சடக்கிலும் இல்லை, தண்டவாளத்திலும் இல்லை

மேலே சொன்ன இரண்டாவது வழியை நினைத்துப் பாருங்கள். டயரில்தான் பிரேக். டயர் தரையில் இருந்தால் வண்டி நிற்கும். டயர் இரும்புச் சக்கரத்தின் மேல் அழுந்தியிருந்தாலும் வண்டி நிற்கும். ஆனால் டயர் தரையை விட்டுவிட்டது, இரும்புச் சக்கரத்தை இன்னும் தொடவில்லை என்றால்?

அந்தச் சில விநாடிகள் வண்டி சடக்கிலும் இல்லை, தண்டவாளத்திலும் இல்லை. டிரைவர் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் காற்றில் நிற்கும் டயர்தான் நிற்கும். கீழே இரும்புச் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும்.

ஆகவே எப்போதும் ஒரு பக்கத்துக் கால் பிடிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் ஒரு முனையை மட்டும் மாற்ற வேண்டும். மறுமுனையின் டயர் தரையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மாற்றிய முனையில் பிரேக் பிடிக்கிறதென்று தெரிந்த பிறகே அடுத்த முனை. சம்பானில் ஏறுகிறவன் ஒரு காலைப் படகில் ஊன்றிய பிறகுதான் கரையிலுள்ள காலை எடுப்பான். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் தண்ணீரில்தான் விழ வேண்டும்.

"கொஞ்சம் சரிவுதானே, என்ன ஆயிடும்?" என்று கேட்கலாம். தண்டவாளத்தில் 'கொஞ்சம் சரிவு' என்பதே கிடையாது. இரும்பின்மேல் இரும்பு உருள்வதால் தடை மிகக் குறைவு. 1 டன் சுமையைச் சமமான தண்டவாளத்தில் உருட்டிக்கொண்டே போக 2, 3 கிலோ இழுவிசை போதும். 75 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் பூமி அதே 1 டன்னைக் கீழே இழுக்கும் விசை 13 கிலோவுக்கும் மேல்! கண்ணுக்கு அந்தச் சரிவு தெரியாது. சக்கரத்துக்குத் தெரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல நாட்டு ரயில் பாதைகளில் தண்டவாளத்துக்குள் மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. ரயில் வந்தால் அதன் இரும்புச் சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். சிக்னல் தானாகச் சிவப்பாகும். இந்த லோரிகள் பலவற்றில் இரும்புச் சக்கரங்களுக்கு இடையே மின்சாரம் பாயாதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட லோரி நிற்பது சிக்னலுக்குத் தெரியாது. பாதையை முறைப்படி அடைத்து, ரயில் வராது என்ற உத்தரவு கைக்கு வந்த பிறகே ஏற வேண்டும். அந்த உத்தரவு இல்லாமல் ஏறியவன், ரயில் ஊதுவதையும் கவனிக்காத பழைய டிரோலிக்காரன் மாதிரிதான்.

ஒரு மரக்கட்டை, நான்கு உயிர்

இங்கிலாந்தின் வடக்கே டீபே என்ற ஊர். 2004 பிப்ரவரி 15ஆம் தேதி, விடியுமுன். ஊருக்குச் சற்றுத் தள்ளித் தண்டவாள வேலை நடந்துகொண்டிருந்தது. மின்சாரத்துக்காக ஓட்டிய ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. எல்லாரும் குனிந்து வேலையில் இருந்தார்கள்.

அங்கிருந்து சில மைல் தூரத்தில், மேட்டில், வேறொரு குத்தகைக்காரரின் ஆட்கள், சடக்கிலும் தண்டவாளத்திலும் ஓடும் கிரேன் ஒன்றைக் கொண்டு தண்டவாளத் துண்டுகளை ஒரு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதை 75க்கு 1 என்ற சரிவு. டிரெய்லரின் பிரேக் வேலை செய்யாதபடி முன்பே துண்டிக்கப்பட்டிருந்தது. சக்கரத்துக்கு என்ன தடுப்பு? மரக்கட்டை!

பாரம் ஏற ஏற, கட்டை தாங்கவில்லை. டிரெய்லர் நழுவியது. ஏறத்தாழ 16 டன் இரும்பு, விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, ஓட்டுகிறவன் இல்லை. இருட்டில் மூன்று மைலுக்கு மேல் உருண்டு, மணிக்கு 40 மைல் வரை வேகம் பிடித்து வந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் கீழே இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. நான்கு தொழிலாளர்கள் அங்கேயே மாண்டார்கள். மற்றும் சிலர் காயமடைந்தார்கள்.

2006இல் வழக்கு முடிந்தது. பிரேக்கைத் துண்டித்து வைத்திருந்த குத்தகைக்காரருக்கு 9 ஆண்டு சிறை. 2007இல் மேல்முறையீட்டில் அது 7 ஆண்டானது. கிரேன் ஓட்டியவருக்கு 2 ஆண்டு.

கவனிக்க வேண்டியது ஒன்று. இறந்தவர்கள் அந்த டிரெய்லரைப் பார்த்ததுகூடக் கிடையாது. பழுது பார்க்கும் செலவை யாரோ ஒருவர் தள்ளிப்போட்டார். அதற்கான விலையை மைல் கணக்கில் தள்ளி நின்ற வேறு யாரோ உயிரால் கொடுத்தார்கள்.

டீபேக்குப் பிறகும் வண்டிகள் நழுவிய சம்பவங்கள் பிரிட்டனில் நடந்தன. ரயில் விபத்துகளை ஆராயும் அந்த நாட்டு அமைப்பு 2009இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. டயரை நம்பியிராமல் இரும்புச் சக்கரத்திலேயே நேராகப் பிடிக்கும் பிரேக் வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த முக்கியப் பாடம். பிரேக் இருக்க வேண்டிய காலில் பிரேக்!

"மாட்டேன்" என்று சொல்லும் உரிமை

அமெரிக்காவில் இந்த லோரிகளுக்குத் தனி விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்புச் சக்கர அமைப்பை ஆண்டுக்கு ஒரு தடவையாவது முழுக்கச் சோதிக்க வேண்டும். இரு சோதனைகளுக்கு நடுவே 14 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஓட்டுகிறவர் அன்றன்று வேலை தொடங்குமுன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: வண்டி விதிப்படி இல்லை என்று தொழிலாளி நல்ல எண்ணத்தோடு நினைத்தால், அதைச் சொல்லி, ஓட்ட மறுக்கலாம்.

"அதெல்லாம் அமெரிக்காவுல. இங்க சொன்னா வேலையில வச்சுக்குவாங்களா?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான்.

நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டு முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. தோட்டங்களும் அதற்கு உட்பட்டவையே. 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1ஆம் தேதி முதல் நடப்புக்கு வந்த பகுதியில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. இந்த உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைக் காட்டுக்கும் மேட்டுக்கும் கொண்டுவர வேண்டியது நாமும் நம் சங்கமும்தான்.

தோட்டத்து மேட்டில் நிற்கும் டிரெய்லரைப் பாருங்கள். செம்பனைக் குலை ஏறிக்கொண்டிருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? முறையான தடுப்பா, அல்லது வழியில் கிடந்த ஒரு கல்லா, ஒரு மட்டைத் துண்டா? டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் உண்டா? இருந்தால் அது வேலை செய்து எத்தனை நாள் ஆயிற்று? கீழ்ச் சரிவில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிற அக்காவும் தங்கச்சியும் நேர்கோட்டில் இருக்கிறார்களா? கல் வைத்தவர் கெட்டவர் இல்லை. "நேத்தும் இதைத்தானே வச்சோம், ஒண்ணும் ஆகலையே" என்பார். டீபேயின் மேட்டிலும் அந்த மரக்கட்டை நழுவும் வரை நின்றுகொண்டுதான் இருந்தது.

நிறுத்துமுன் சரிவைப் பாருங்கள். பாரம் ஏற்றுமுன் பிரேக்கைப் பாருங்கள். வண்டிக்கு நேர் கீழே ஆளை நிறுத்தாதீர்கள். பிரேக் பழுது என்றால் மண்டோரிடம் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும், ஆகவே இன்ன தேதி, இன்ன வண்டி என்று எழுதியும் கொடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு பிரதியைச் சங்கத் தலைவரிடம் வையுங்கள்.

டிரோலியைத் தள்ளிய கேங்குக்காரனுக்கு ரயில் ஊதும் சத்தமாவது எச்சரிக்கையாக இருந்தது. பிரேக் இல்லாத வண்டி ஊதிக்கொண்டு வராது. அது நழுவுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

"அண்ணே, இந்த வண்டிக்குப் பிரேக் எந்தக் கால்ல இருக்கு?"

பதில் தெரியும் வரை பாரம் ஏற்றாதீர்கள்.